வெடிச் சத்தத்துக்குப் பிறகு ஆழமாக மூச்செடுத்தால் தலைசுற்றுவது ஏன்?

மூச்சை இழுப்பதைக் குறைத்து, விடுவதை நீட்டுங்கள். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் வெடி கேட்டு நெஞ்சு படபடத்ததாகவும், ஆழமாக மூச்செடுத்ததும் தலைசுற்றி விரல்கள் விறைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய மூச்சாக அடுத்தடுத்து எடுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு (நாம் வெளியே விடும் வாயு) குறைந்துவிடும். பெரும்பாலும் அதுதான் காரணம்.

மூக்கால் மூன்று எண்ணும்வரை சாதாரணமாக எடுங்கள். உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள்: விடும்போது நாடித் துடிப்பு சற்று மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகசு நரம்பு செய்கிற வேலை அது.

பயந்தால் உடம்பில் சுரக்கிற அதிரினலின் உடனே வடியாது. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கை நடுங்கும்; அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பயந்தால் இன்னும் சுரக்கும். 2009இல் போருக்குள் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்தேன் என்கிறீர்களே, அந்த உடம்பு வெடி என்றதும் முந்திக்கொண்டு காவலுக்கு எழும்புகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நெஞ்சு நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். நித்திரையும் கெட்டு, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால், மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவில் காட்டுங்கள்.