புதிதாக வளர்ந்து வரும் ஏரியாவுக்கு என்று தனியாக ஒரு ஜிம் தேவையா?

கேள்வி கேட்டவர் கோவை விளாங்குறிச்சிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர். ஏரியா நாளுக்கு நாள் வளர்கிறது, அவினாசி ரோட்டுக்கோ சத்தி ரோட்டுக்கோ போனால் பெரிய பெரிய ஜிம் இருக்கிறது, அப்படியிருக்க ஊருக்குள்ளேயே ஒன்று வேண்டுமா, இல்லை அது வெறும் பகட்டா என்று கேட்டிருக்கிறார்.

தேவைதானுங்க. ஆனால் யாருக்குத் தேவை என்பதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

இருபத்தைந்து வயதுப் பையனுக்கு உள்ளூர் ஜிம் அவசியமே இல்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு பீளமேட்டுக்குப் போவான், காந்திபுரத்துக்குக்கூடப் போவான். கூட்டாளிகள் அங்கே இருக்கிறார்கள், கண்ணாடி பெரிது, பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், அவனுக்கு அது போதும். டைடல் பார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபீஸ் போகிற வழியில் ஏதாவது ஒன்று அமைந்துவிடும். பக்கத்தில் இல்லாவிட்டால் போகவே மாட்டார்கள் என்கிற கூட்டம் வேறு. நாற்பதைத் தாண்டிய பெண்கள், ரிட்டையர் ஆனவர்கள், சுகர் மாத்திரை ஆரம்பித்தவர்கள், முட்டிவலிக்காரர்கள். இதில் இரண்டு வகையில் நானும் வருவேன், எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது விளாங்குறிச்சி ஒரு ஊராட்சி. 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோதுதான் சரவணம்பட்டி, காளப்பட்டி பேரூராட்சிகளோடு இதுவும் கோயமுத்தூருக்குள் போனது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சோளக்காடு. பொழுதோட மாமியார் ஒரு கட்டு சோளத்தட்டைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து கட்டுத்தரையில் போடுவார். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. அப்புறம் காடு சைட் ஆனது, சைட்டில் வீடு வந்தது, மாட்டையும் விற்றாயிற்று. உடம்பு வேலை நின்றதே தவிர சாப்பாடு குறையவில்லை. ஏரியாவுக்கு முதலில் வந்தது ஒரு பேக்கரி. பிறகு மெடிக்கல், பிறகு பிளே ஸ்கூல், பிறகு இன்னொரு பேக்கரி. பப்ஸ் சாப்பிட நடந்தே போய்விடலாம், அதைக் கரைப்பதற்கு மட்டும் பெட்ரோல் போட்டுக்கொண்டு நாலைந்து கிலோமீட்டர் போகவேண்டும் என்றால் யார் போவார்கள்?

"வாக்கிங் போனால் போதாதா?" என்று எங்கள் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். நடப்பது நல்லதுதான். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர், காலையில் போய்ப் பார்த்தால் பாதி கோயமுத்தூர் அங்கேதான் இருக்கும். (அதில் காரில் வந்து நடந்துவிட்டுக் காரில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பது தனிக்கதை.) ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது முதல் பாதி. அந்தப் பாதியை நடை கொடுத்துவிடும். வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு பலம் தரும் பயிற்சி வேண்டும் என்பது இரண்டாவது பாதி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 3 நாளாவது உடம்பு தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் பலப்பயிற்சியும் கலந்து வேண்டும் என்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) INDIAB ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதைத் தடுக்க எடை தூக்க வேண்டும், அதுவும் பழகப் பழக எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வீட்டில் இரண்டு வாட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டுவது?

பயிற்சிக்கு நம் வள்ளி கும்மி ஆட்டம் இருக்கிறதே என்பீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்து அந்தக் கலையை வளர்த்தவர். இப்போது கொங்கில் ஊருக்கு ஊர் பெண்களும் பிள்ளைகளும் பழகுகிறார்கள். குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, கைதட்டி ஒரு மணிநேரம் ஆடிப் பாருங்கள், சேலை நனைந்துவிடும். இதயத்துக்கும் மூச்சுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கேட்டாலும் கிடைக்காது, கூட்டத்தோடு ஆடுவதால் யாரும் பாதியில் விட்டுப் போவதும் குறைவு. எங்கள் பக்கம் கும்மி வகுப்பு வந்தால் முதல் ஆளாகச் சேருவேன். ஆனால் கும்மியில் எடை இல்லை.

அப்பார்ட்மெண்டுக்குள் இருக்கும் ஜிம்மைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரோஷரில் படம் நன்றாக இருக்கும். இரண்டு ட்ரெட்மில்லில் ஒன்று ஓடாது, பெல்ட்டுக்கு சிலிக்கோன் ஆயில் விடக்கூட ஆளிருக்காது, ஏசி ரிமோட் அசோசியேஷன் செயலாளர் வீட்டில் இருக்கும். முக்கியமாக, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பூங்காக்களில் வைக்கிற திறந்தவெளிக் கருவிகள் வயதானவர்கள் கைகால் அசைக்க நல்லவை, காசும் கிடையாது. ஆனால் அவற்றில் எடையைக் கூட்ட வழியில்லை, நம் உடம்பு எடைதான் மொத்த எடையும். தவிர, அதில் எப்போது பார்த்தாலும் குழந்தைகள் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும்.

நான் போகிற இடம் ஒரு காலத்தில் லேத் பட்டறை. தகரக் கொட்டகை, மேலே நான்கு ஃபேன், ஏசி கிடையாது. லேத் மெஷினை போல்ட் போட்டு நிறுத்தியிருந்த இடங்களில் சிமெண்ட் பூசிய தழும்பு கருப்பு ரப்பர் மேட்டின் ஓரத்தில் இன்னும் தெரியும். எடைத்தட்டுகளில் சில கம்பெனித் தட்டு, சில இங்கேயே ஏதோ ஃபவுண்டரியில் வார்த்த பெயின்ட் அடிக்காத இரும்பு. சொல்லிக்கொடுக்கிற தம்பி உடற்கல்வி படித்தவர்.

அங்கே எங்கள் வீதிக்கு மூன்று வீதி தள்ளி இருக்கும் ஒரு அம்முச்சி வருகிறார். எழுபதை நெருங்கும் வயது. வந்த அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கைய ஊணாம எந்திரிக்க முடியலீங்க தம்பி, அதுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணுங்க." தம்பி எந்த மெஷின் பக்கமும் கூட்டிப்போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணையை அடுக்கி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார். உயரம் கூடியிருந்ததால் எழ முடிந்தது. சில வாரம் கழித்து ஒரு தலையணை போனது. அப்புறம் இன்னொன்றும் போனது. இப்போது வெறும் நாற்காலி, இரண்டு கையிலும் இரண்டிரண்டு கிலோ டம்பெல். எழுந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு காலத்தில் தட்டுக்கட்டு தூக்கிய திமிர் அப்படியே திரும்ப வரும். "மகன் வண்டீல கொண்டாந்து உடோணும்னா நா வந்தே இருக்க மாட்டேங் கண்ணு" என்று என்னிடம் சொன்னார். உங்கள் கேள்விக்கு என் பதிலே அதுதான்.

சரி, எல்லா ஏரியாவும் ஒரு ஜிம்மைத் தாங்குமா என்றால், தாங்காது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 2,000 சதுர அடி இடம், சதுர அடிக்கு 25 ரூபாய் என்று வைத்தால் வாடகை மட்டும் மாதம் 50,000. இரண்டு பேர் சம்பளம், வணிகக் கட்டணத்தில் கரண்ட் பில், மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் வாங்கினால் 150 பேர் விடாமல் கட்டியாக வேண்டும். அரைகுறையாகக் கட்டிய நானூறு வீடு இருக்கும் லேஅவுட்டில் இது நடக்காது. அடுக்குமாடிகள் நிரம்பி, பள்ளி வேன்கள் வீதிக்குள் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் நடக்கும்.

பெரிய ஜிம்களின் கணக்கு வேறு. வருடச் சந்தா கட்டிவிட்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறவர்கள் இருப்பதால்தான் அங்கே இடம் போதுமானதாக இருக்கிறது. நீங்கள் வராமலிருப்பது அவர்களுக்கு நஷ்டமில்லை. உள்ளூர் ஜிம்காரருக்கு அப்படியில்லை. மாதாமாதம் நீங்கள் கட்டினால்தான் அவருக்கு வாடகை. பால் வாங்கப் போகும்போது எதிரே வந்து "ஏனுங்க்கா, நாலு நாளா காணோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு பயந்தே நான் போன மழை நாட்கள் உண்டு.

அதற்காக ஊருக்குள் திறக்கிறார்கள் என்றவுடன் பணத்தை எடுத்து நீட்ட வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு ஜிம் பலூன் கட்டி, ஆஃபர் போட்டு, வருடப் பணம் வாங்கி, சில மாதத்தில் ஷட்டரில் "மராமத்துப் பணி" என்று தாள் ஒட்டியது. பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்துப் புலம்பியதுதான் மிச்சம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மாதக் கட்டணத்துக்கு மேல் கட்டாதீர்கள், மிஞ்சிப்போனால் மூன்று மாதம். ஜி.எஸ்.டி என்று பில்லில் சேர்த்தால் விகிதத்தைப் பாருங்கள், ஜிம்களுக்கு 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

சேருவதற்கு முன் மெஷின்களை எண்ணாதீர்கள். பயிற்சியாளர் முதல் நாள் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிரஷர் இருக்கிறதா, சுகர் இருக்கிறதா, ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா, எந்த முட்டி வலிக்கிறது என்று கேட்டால் நல்ல இடம். அதையெல்லாம் விட்டுவிட்டு புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பையன்களை அனுப்புகிறவர்கள் ஒருபடி மேலே போய், உடம்பு ஏற்றுகிற ஊசி, மாத்திரை பேச்சு அங்கே நடக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். உள்ளூர் ஜிம் என்பதால் ஒரு வசதி, அங்கே போகும் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார்கள், டீக்கடையிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

உங்கள் லேஅவுட் இன்னும் நிரம்பவில்லை என்றால், ஜிம் வருவதற்குள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பெரிய லேஅவுட்டுக்கு அப்ரூவல் வாங்கும்போது 10 சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும், நாம் ரிசர்வ் சைட் என்கிறோமே, அதுதான். பெரும்பாலும் அதில் பார்த்தீனியமும் கட்டட இடிபாடும் குவிந்திருக்கும், சில இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்த ஷீட் போட்டிருப்பார். அசோசியேஷன் மூலம் கவுன்சிலரைப் பார்த்து, வேலி, இரண்டு விளக்கு, சுற்றி ஒரு நடைபாதை கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நடைக்கும் கும்மிக்கும் அந்த இடம் போதும்.

ஒருவேளை ஜிம் ஆரம்பிக்கப் போகிறவரே நீங்கள்தான் என்றால் (கேள்வியின் தோரணை அப்படித்தான் இருக்கிறது) இரண்டு விஷயம். இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் வாடகை குறைவுதான், ஆனால் முட்டிவலிக்காரர் படியேறி வரமாட்டார், கீழே குடியிருப்பவரும் விடிகாலையில் எடை விழுகிற சத்தம் கேட்டால் சண்டைக்கு வருவார். அப்புறம் லேடீஸ் பேட்ச். பெண் பயிற்சியாளர் ஒருவர், தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் உடை மாற்றும் அறை ஒன்று இல்லாமல் அதை அறிவிக்காதீர்கள். நேரத்தை ஒன்பதரை மணிக்கு மேல் வையுங்கள். ஏழு மணிக்கு வைத்தால் நாங்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்போம், ஒருத்தரும் வரமாட்டோம்.