ஓடினால் முழங்கால் வலி: யாரிடம் காட்டுவது?

10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறீர்கள், மூன்று வாரமாக முட்டிச் சில்லைச் சுற்றி வலி, எலும்பு டாக்டரா பிசியோதெரபிஸ்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். கால் திருகி முட்டி உடனே வீங்கியதா? மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொள்கிறதா? காலை ஊன்றவே முடியவில்லையா? அப்படியென்றால் நேராக எலும்பு மூட்டு மருத்துவர்தான். முட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றே போய்விடுங்கள்.

இவை எதுவும் இல்லை, படி இறங்கும்போதும் குந்தும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும்தான் வலி என்றால், அது பெரும்பாலும் ‘ரன்னர்ஸ் நீ’ (Runner's knee), அதாவது ஓடுபவர்களுக்கு முட்டிச் சில்லைச் சுற்றி வரும் வலி. இதற்கு மாத்திரையைவிட, தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிதான் முக்கியம். அதனால் விளையாட்டுக் காயங்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டைத்தான் முதலில் சொல்வேன். பிசியோதெரபி முதுநிலைப் படிப்பான எம்.பி.டி.யில் ஸ்போர்ட்ஸ் படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நல்லவர் என்றால் வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்கள், அண்மையில் தூரத்தைக் கூட்டினீர்களா என்று கேட்பார். ஒற்றைக் காலில் குந்தச் சொல்லிப் பார்ப்பார். வீட்டில் செய்யப் பயிற்சி தருவார். கரண்ட் (மின் சிகிச்சை) மட்டும் வைத்து ‘பத்து நாள் வாங்க’ என்று அனுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள், தயங்கவே வேண்டாம். எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. எழுதினாலும் ஏன் என்று கேளுங்கள். இந்த வலிக்கு வழக்கமாக அது தேவைப்படாது.

அப்புறம், 6 முதல் 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லையா? அப்போது விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, வலி கூடாத தூரத்துக்குக் குறைத்துக்கொண்டால் போதும்.