பார்லருக்கு மட்டும் போகாதீர்கள், அம்மா

கேள்வி: எனக்கு வயது 61. ஒன்றரை வருடத்துக்கு முன் மூக்கின் ஓரத்தில் இருந்த கறுப்புப் புண்ணை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பேஸல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய், முழுவதும் எடுத்தாகிவிட்டது என்றார்கள். இப்போது கழுத்திலும் கன்னத்திலும் சின்னச் சின்னதாகக் கறுப்பு மருக்கள். பரவிவிட்டதோ என்ற பயத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை கண்ணாடி பார்க்கிறேன். தூக்கமில்லை. பக்கத்துத் தெரு பார்லரில் ஐந்து நிமிடத்தில் சுட்டு எடுத்துவிடுவார்கள் என்று நாத்தனார் சொல்கிறார். எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம், பார்லருக்கு மட்டும் போகாதீர்கள்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வந்த வகை, இருந்த இடத்திலேயே மெதுவாகக் குழி பறிக்கும். உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. எடுத்த சதையைச் சோதித்து ‘ஓரங்களில் நோய் இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டியின் கதை பெரும்பாலும் முடிந்தது. ஒருமுறை வந்தவர்களுக்கு இன்னொன்று வர வாய்ப்பு உண்டுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்படி வருவது பழையது ஓடிப்போய் முளைத்தது அல்ல. பல வருட வெயிலில் கெட்ட தோலில் தனியாகத் தோன்றும் புதியது. சின்னதாக இருக்கும்போதே பார்த்தால் அதையும் எடுத்துவிடலாம்.

உங்கள் வயதில் தோலில் முளைப்பவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. கழுத்தைச் சுற்றித் தொங்கும் மரு, சர்க்கரையும் உடல் பருமனும் உள்ளவர்களிடம் அதிகம். கன்னத்தில் மிளகு தூவியதுபோல் வரும் கறுப்புப் புள்ளிகள் குடும்பவாகு. உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மெழுகை உருக்கி ஒட்டியதுபோல், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவிடும் என்று தோன்றும் பழுப்புத் திட்டுகள் வயதானால் வருபவை.

சரி, அப்படியானால் பார்லரில் சுட்டால் என்ன? நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும். பார்வைக்கு மருபோலவே இருக்கும். கரண்டில் சுட்டால் மேலே தெரிவது கருகிவிடும், அடியில் இருப்பது தங்கிவிடும். சோதிக்கச் சதையும் மிஞ்சாது. கண் இமை ஓரத்தில் ஒரு புள்ளியை இரண்டு முறை சுட்டுக்கொண்டு, மூன்றாவது முறை முளைத்த பிறகு என்னிடம் வந்தார் ஒருவர். முதலிலேயே வந்திருந்தால் ஒரு சின்ன வெட்டோடு போயிருக்கும். அவருக்குப் பாதி இமையைப் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்பும் துணி சோப்பும் குழைத்து வைப்பது, குதிரை முடியால் இறுக்கிக் கட்டுவது எல்லாமே இதே தவறுதான். டாக்டரே சுட்டாலும், உங்களைப் போல ஒருமுறை வந்தவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இதைப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டாமா?” அனுப்பினால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் விடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். “பரவியிருக்கா பார்த்துடலாம், முழு உடம்பு ஸ்கேன், பேக்கேஜ் ரேட்” என்பார்கள். உங்கள் வகைக்கு அந்த ஸ்கேன் வழக்கத்தில் தேவையில்லை. தோலில் இருக்கும் சின்னப் புள்ளியை அது காட்டித் தரவும் போவதில்லை. ‘கேன்சர் ரத்தப் பரிசோதனை’ என்று விற்பதும் இந்த நோயைக் கண்டுபிடிக்காது. உங்கள் பயம்தான் அவர்களுக்குக் கமிஷன். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது காட்ட வேண்டும்? ஆறுவதுபோல் ஆறி மறுபடி உடையும் புண், தானாக ரத்தம் கசியும் கட்டி, முத்துபோல் பளபளக்கும் விளிம்பு, பழைய தழும்பின் மேலேயோ ஓரத்திலோ புதிதாக ஏதாவது. நான்கு வாரத்தில் ஆறாவிட்டால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: உள்ளங்கால். இது உங்கள் நோய் அல்ல, மெலனோமா என்ற வேறு புற்றுநோய். வேகமாகப் பரவக்கூடியது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் படும் முதுகிலும் காலிலும் வருவது, நம்மவர்களுக்கு வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. முள் குத்தியது, செருப்புக் கடித்தது, கால் ஆணி என்று சொல்லிக்கொண்டே மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். கால் ஆணி கறுப்பாக அகலமாகிக்கொண்டே போகாது. அடிபட்டுக் கறுத்த நகம், நகம் வளர வளர நுனி நோக்கி நகரும். நகராமல் ஒரே இடத்தில் நின்று அகலமாகும் கறுப்புக் கோடு சந்தேகத்துக்குரியது; அது நகத்தை ஒட்டிய தோலுக்கும் இறங்கினால் அன்றைக்கே கிளம்புங்கள். உள்ளங்காலில் வரும் கறுப்பைக் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவவே கூடாது. சர்க்கரை இருந்து அதற்காகக் காலைப் பார்ப்பவராக இருந்தால் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். தினமும் பார்ப்பதில் எந்த மாற்றமும் தெரியாது, பயம்தான் வளரும். தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் மரு புண்ணாகி ரத்தம் வரும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவீர்கள். தமிழ் மாதம் பிறக்கும் நாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, மகனையோ மருமகளையோ போனில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முடிந்தது. நடுவில் மனசு உறுத்தினால் காலண்டரில் குறித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இதையெல்லாம் நீங்கள் டிஸ்சார்ஜ் ஆன அன்றே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கையில் கொடுத்து, ‘ரெகுலர் ஃபாலோ அப்’ என்று முடித்துவிடுகிறோம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த இடைவெளியில்தான் பார்லர்காரரும் ஸ்கேன் ஏஜென்ட்டும் நுழைகிறார்கள். எங்கள் துறையின் இந்த அலட்சியத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்களுக்கு முதல் ஐந்து வருடம், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறை தோல் முழுவதையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு வருடம் ஒருமுறை. ஒன்றரை வருடத்தில் ஒருமுறையும் போகவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொண்டு போங்கள், புதிய மருக்களைக் காட்டுங்கள். முகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தால், “முதுகையும் காலையும் பார்த்துவிடுங்கள் டாக்டர்” என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.