ராக்கி மவுண்டனியர் ரயிலில் சில்வர்லீஃப் போதுமா, கோல்ட்லீஃபுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பெற்றோரை அழைத்துக்கொண்டு கனடாவில் வான்கூவரிலிருந்து பான்ஃப் வரை ராக்கி மவுண்டனியர் என்ற சுற்றுலா ரயிலில் போகப் போகிறீர்கள், அதில் சில்வர்லீஃப், கோல்ட்லீஃப் என்ற இரண்டு வகுப்புகளில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டிலும் போயிருக்கிறேன். முதல் தடவை நானும் மனைவியும் சில்வர்லீஃபில், அப்புறம் அப்பா அம்மா வந்திருந்தபோது அவர்களோடு கோல்ட்லீஃபில்.

முதலில் ஒரு விஷயம், பலர் இதில் குழம்புகிறார்கள். இந்த ரயிலில் எந்த வகுப்பிலும் படுக்கை கிடையாது. பகலில் மட்டும்தான் ஓடும். முதல் நாள் சாயங்காலம் வழியில் உள்ள காம்லூப்ஸ் ஊரில் இறக்கி ஓட்டலில் தங்கவைத்து, மறுநாள் காலையில் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். ரயிலிலேயே படுத்துத் தூங்க ஆசை என்றால் வியா ரயில் என்ற நிறுவனம் ஓட்டும் ‘கனடியன்’ என்ற ரயில் இருக்கிறது, ஆனால் அதில் வழியில் ஒரு பகுதி இருட்டிலேயே போய்விடும். ஆக, நீங்கள் இங்கே கொடுக்கும் பணம் இரண்டு பகல் உட்காரும் நாற்காலிக்குத்தான். அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் எங்கே போகலாம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பலரும் கண்ணாடியைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சில்வர்லீஃப் ஒரே தளம், பெரிய ஜன்னல்கள் கூரை ஓரம் வரை வளைந்து ஏறும். கோல்ட்லீஃப் இரண்டு தளம், நீங்கள் மேலே உட்காருகிறீர்கள், தலைக்கு மேலேயும் கண்ணாடி. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், பாறைச் சுவர் நெருங்கி வரும் இடங்களில் மேல்தளத்திலிருந்து உச்சி வரை தெரியும். ஆனால் ஓடுவது ஒரே ரயில், ஒரே தண்டவாளம். ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் ஆறு குறுகிச் சீறும் ஹெல்ஸ் கேட்டை சில்வர்லீஃபில் இருந்தவர்களும் நன்றாகவே பார்த்தோம்.

உண்மையான வித்தியாசம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கோல்ட்லீஃபில் சாப்பாட்டுக்கூடமும், அதை ஒட்டித் திறந்தவெளித் தளமும் கீழே. அந்தத் தளத்தில் கண்ணாடி இல்லை, இடுப்பளவு கம்பிதான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு முக்காடு போட்டபடி அசையாமல் நின்றார், ஈரமான மரவாசனை முகத்தில் அடித்தது, தந்திக்கம்பத்தின் உச்சியில் மீன்கொத்திப் பருந்து கட்டிய கூட்டை ரயில்காரப் பெண் கைகாட்டியபோது அம்மாதான் முதலில் பார்த்தார். படம் எடுக்கவும் அதுதான் இடம், கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கும் தொல்லை இல்லை. சில்வர்லீஃபிலும் பெட்டியின் முனையில் காற்று வாங்க ஓர் இடம் உண்டு, ஆனால் நாலைந்து பேர் நின்றாலே நெருக்கடி.

சாப்பாடு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. கோல்ட்லீஃபில் மேசை விரிப்புப் போட்டு, இரண்டு பந்தியாகக் கீழே பரிமாறுவார்கள். நன்றாக இருக்கும், ஆனால் அந்த நேரம் நீங்கள் மேல்தளத்தில் இல்லை. சில்வர்லீஃபில் இருக்கைக்கே கொண்டுவந்து தருவார்கள், அதனால் எதையும் தவறவிடுவதில்லை. மதுவும் சிற்றுண்டியும் இரண்டிலுமே கட்டணத்துக்குள் அடக்கம்.

உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள், இதை யோசியுங்கள். கோல்ட்லீஃபில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும், காற்று வாங்கவும், ஓடும் ரயிலில் வளைந்த படிக்கட்டில் இறங்கி ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு லிஃப்ட் வசதி செய்து தருகிறார்கள், தேவைப்பட்டால் முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். படி சிரமம் என்றால் நான் தயங்காமல் சில்வர்லீஃப் என்பேன். தலைக்குப் பல நூறு கனடிய டாலர் மிச்சமாகும், அதில் பான்ஃபிலோ லேக் லூயிஸிலோ கூடுதலாக ஒரு நாள் தங்கலாம். படி பிரச்சினை இல்லை, இனி ஒருமுறை இப்படி வருவோமா என்று தெரியாத வயது என்றால் கோல்ட்லீஃப் எடுங்கள். நான் அப்பா அம்மாவுக்காகச் செலவழித்த அந்தக் காசுக்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

இருக்கை இடது பக்கமா வலது பக்கமா என்று அலட்டிக்கொள்ள வேண்டாம், சிஸ்கோ என்ற இடத்தில் தண்டவாளம் ஃப்ரேசர் ஆற்றைக் கடக்கிறது, அதற்குப் பிறகு ஆறு மறுபக்கம் வந்துவிடும். தூக்கம் வந்தால் முதல் நாளே தூங்கிவிடுங்கள், இரண்டாம் நாள் கடைசிப் பகுதியில் கிக்கிங் ஹார்ஸ் பள்ளத்தாக்கும் சுழல் சுரங்கங்களும் வரும். முன்பு அங்கே தண்டவாளம் 4.5 சதவீதச் சரிவில் இருந்தது, வண்டிகள் கட்டுப்பாடிழந்து ஓடின. 1909-ல் மலைக்குள் இரண்டு சுரங்கங்களைச் சுழல் போலக் குடைந்து சரிவைப் பாதியாக்கினார்கள். இருட்டுக்குள் நுழைந்து வெளியே வரும்போது ரயிலின் முகமே திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் அப்பாவை எழுப்பிவிடுங்கள்.

சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், ஏறிய பிறகு கேட்டால் அவர்களுக்கும் சிரமம். கோடையானாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டிகளை அவர்கள் தனியே ஓட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், நடுவில் எடுக்க முடியாது.