துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், மாணவர் அட்டை செல்லாது

கேள்வி: அமெரிக்காவில் லத்தீனோ மக்களிலேயே (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பெரும்பாலோர், ஓட்டுப் போடப் போட்டோ அடையாள அட்டை கேட்பது சரிதான் என்கிறார்களாம். அவர்கள் பெயரில் இயங்கும் அமைப்புகள் மட்டும் கோர்ட்டுக்குப் போவது ஏன்? நாமெல்லாம் அட்டையைக் காட்டித்தானே ஓட்டுப் போடுகிறோம்?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: காட்டுகிறோம். அதைத் தந்தது யார்? தேர்தல் ஆணையம். தொலைந்துபோனாலும் ஆதார், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று வரிசையாக மாற்று வழி வைத்திருக்கிறார்கள். டெக்சஸ் மாநிலம் 2011-ல் போட்ட சட்டத்தையும் பாருங்கள். இடுப்பில் மறைத்து எடுத்துப்போகும் துப்பாக்கிக்கான லைசென்ஸைக் காட்டி ஓட்டுப் போடலாம். அரசுப் பல்கலைக்கழகமே கொடுத்த மாணவர் அட்டையைக் காட்டினால் முடியாது. எந்த அட்டை யார் பையில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது.

கருத்துக்கணிப்பில் 'அட்டை கேட்கலாமா?' என்றால் லத்தீனோக்களில் பத்துக்கு எட்டுப் பேரளவில் கேட்கலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எந்த அட்டை, அதை வாங்க எத்தனை மைல் போக வேண்டும், செலவு யாருடையது என்பதைக் கணிப்பாளர் கேட்பதில்லை. டெக்சஸ் இலவச அட்டை ஒன்றையும் அறிவித்தது. அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது, அதற்கு அப்போது காசு. மாநிலத்தின் 254 கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், அட்டை தரும் ஓட்டுநர் லைசென்ஸ் அலுவலகமே கிடையாது. 1966 வரை வரி கட்டிவிட்டு ஓட்டுப் போட்ட மாநிலம் அது. வயதானவர்களுக்கு இதெல்லாம் எதை நினைவூட்டும்?

லூலாக் என்ற லத்தீனோ உரிமை அமைப்பு 1929-ல் பிறந்தது டெக்சஸின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில். அந்த ஊர் கோர்ட்டிலேயே அதுவும் மற்றவர்களும் 2011 சட்டத்தை எதிர்த்து வழக்காடினார்கள். 2014-ல் நீதிபதி நெல்வா கொன்சாலெஸ் ராமோஸ் தீர்ப்பளித்தார். பதிவான வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் செல்லத்தக்க அட்டை இல்லை; வெள்ளையரைவிட லத்தீனோக்கள் அட்டையில்லாமல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. சரி, ஆள்மாறாட்டம்? சட்டத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் பதிவான 2 கோடி ஓட்டுகளில், வாக்குச்சாவடி ஆள்மாறாட்டத்துக்குத் தண்டனை கிடைத்தது இரண்டே வழக்குகளில்! பாரபட்சமான விளைவு உண்டு என்பதை மேல்கோர்ட்டும் 2016-ல் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே மாநிலம் இறங்கி வந்தது: அட்டை வாங்க முடியாதவர் காரணம் எழுதிக் கையெழுத்திட்டு, கரன்ட் பில்லைக் காட்டினால் போதும். ஆக, கோர்ட்டுக்குப் போனது வீண்போகவில்லை.

அந்த அமைப்புகளிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. லட்சக்கணக்கில் ஓட்டு பறிபோகும் என்று மேடைதோறும் முழங்கினார்கள். 2008 முதல் 2018 வரை நாடு முழுவதையும் அலசி 2021-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, இந்தச் சட்டங்களால் வாக்குப்பதிவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை என்றது. (மோசடியும் குறையவில்லையாம். சட்டம் போட்டவர்கள் இதைச் சொல்வதே இல்லை.)

இன்னொரு ஆய்வுதான் என்னை உறுத்துகிறது. சான் அன்டோனியோவிலிருந்து எல்லையோரமாக எல் பாசோ பக்கம் நீளும், லத்தீனோக்கள் பெரும்பான்மையான, டெக்சஸின் 23-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில், 2014-ல் ஓட்டுப் போடாதவர்களிடம் விசாரித்தார்கள். அட்டை இல்லாததும் ஒரு காரணம் என்றவர்கள் 12.8 விழுக்காடு. உண்மையிலேயே அட்டை இல்லாதவர்கள் 2.7 விழுக்காடுதான்! மற்றவர்கள் செல்லத்தக்க அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டில் இருந்துவிட்டார்கள். அந்தத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 2,500 ஓட்டுகூட இல்லை. சட்டம் கொடியது என்று சொன்ன வாய், 'உன் கையில் இருப்பது செல்லும், கிளம்பு' என்றும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா?

சொன்னால் பலன் உண்டு. 2021-ல் டெக்சஸ் தபால் ஓட்டுக்கும் கை நீட்டியது. உறையின் மடிப்புக்கு அடியில் ஓட்டுநர் லைசென்ஸ் எண்ணையோ, நம் ஆதார் எண் போன்ற சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ எழுத வேண்டும். பழைய பதிவேட்டில் உள்ளதோடு அது பொருந்த வேண்டும். பலர் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவே இல்லை. 2022 மார்ச்சில், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் 24,000-க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு, தள்ளுபடி. உள்ளே விளக்கத் தாள் வைத்தார்கள், ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்தார்கள். நவம்பர் பொதுத் தேர்தலில் அது நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.