கிரகணத்தால் வந்ததில்லை அம்மா

கேள்வி: என் மகனுக்கு 11 மாதம். 31-ஆவது வாரத்திலேயே பிறந்தான்; எடை 1.4 கிலோ. பிறந்ததும் அழுதான். கிலுகிலுப்பையை நன்றாகப் பிடிக்கிறான், ஆனால் இன்னும் உட்காரவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன. டாக்டர் 'சிபி' என்கிறார். கிரகணத்தன்று நான் வளவில் நடமாடியதால் வந்தது என்கிறார் அவன் அப்பத்தா. கணவருக்கோ பிரசவம் பார்த்தவர்கள் மேல் கோபம். எதுதான் காரணம்? – வாசகி, தேவகோட்டை.

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

சிபி என்கிற பெருமூளை வாதம், வளர்கிற மூளையில் பட்ட காயத்தால் வருவது. உங்கள் பிள்ளை விஷயத்தில், நாள் முந்திப் பிறந்ததுதான் பெரிய தடயம். 24 முதல் 32 வாரம் வரை, மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகளைச் சுற்றியுள்ள பகுதி மிக மென்மையானது. ரத்த ஓட்டம் குறைந்தாலோ, கிருமித்தொற்று வந்தாலோ முதல் அடி அதற்குத்தான். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. கைகளுக்குப் போகிறவை சற்றுத் தள்ளி. அதனால்தான் கை கிலுகிலுப்பையைப் பிடிக்கிறது, கால் விறைக்கிறது.

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. 1860-களில் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவரும் பிரசவக் கோளாறைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார். 1897-இல் ஃபிராய்ட் என்ற ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர், கோளாறு கருப்பையிலேயே தொடங்கியிருக்கலாம் என்றார். பிரசவ நேர மூச்சுத்திணறலால் வருவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பிறந்ததுமே துவண்டு கிடக்கும், ஓரிரு நாளில் வலிப்பு வரும். உங்கள் மகன் அழுதிருக்கிறான்.

கர்ப்பத்தில் ருபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மைத் தொற்று, பிறந்த குழந்தைக்குக் கவனிக்காமல் முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. காமாலைக்கு முற்றத்து வெயில் மட்டும் போதாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையில் காயம் எதுவும் தெரியாவிட்டால், அதுவும் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் என்றால், மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவன் இரண்டு மாதம் முந்திப் பிறந்தவன். வளர்ச்சியைக் கணக்கிட ஒன்பது மாதம் என்றே எடுக்க வேண்டும். அதற்காக, 'போகப் போகச் சரியாகும்' என்று காத்திருக்காதீர்கள். காயம் பெருகாது, ஆனால் பயிற்சி இல்லாவிட்டால் தசைகள் இறுகும். ஸ்கேன் முடிவு வரும்வரைகூட நிற்காமல், அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பிசியோதெரபியைத் தொடங்குங்கள். கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

வாக்கர் வேண்டாம்; நுனிக்காலில் நிற்கும் பழக்கம் கூடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும், பாய் விரித்து விளையாட விடுங்கள். அப்புறம், கால்களை ஒட்டிப் பிடித்துத் தூக்காமல் இடுப்பில் இருபக்கமும் அகற்றி வைத்து, முதுகைத் தாங்கிக்கொள்ளுங்கள். விறைப்பு தளர அது உதவும். அப்பத்தாவிடமும் பிள்ளையை அப்படியே இடுப்பில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.