கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை, ஐந்து வருடமாக ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தினமும் 8 கிலோமீட்டர் நடக்கிறேன், வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். நண்பர்களோடு ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போகத் திட்டம். கயிறு, பனிக்கோடரி எதுவும் தேவையில்லை, நடந்தே உச்சிக்குப் போய்விடலாம் என்கிறார்கள். ஐந்து நாள் மரங்கு பாதைதான் செலவு குறைவு. போகலாமா? மூச்சுப் பயிற்சி ஏதாவது செய்யவேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: போகலாம். அந்த ஐந்து நாள் திட்டத்தில் மட்டும் வேண்டாம்.

வெள்ளியங்கிரி ஏறுகிற கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கயிறு வேண்டாம் என்பதும் உண்மைதான். மச்சாமே என்ற இன்னொரு பாதையில் போனால் பராங்கோ சுவர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கையூன்றி ஏறவேண்டியிருக்கும், அவ்வளவுதான். சிக்கல் உயரத்தில் இருக்கிறது. உச்சி 5895 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பதும் பாதிதான். இதை ஈடுகட்ட உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சிறுநீரகம் சரிசெய்ய இரண்டு மூன்று நாளாவது ஆகும். மைதானத்தில் எவ்வளவு ஓடினாலும் இந்த வேலை முன்கூட்டி நடக்காது. பிராணாயாமம் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் இதற்கு அது மாற்று இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் தலைவலி, குமட்டல், அசதி என்று வருவதுதான் மலை நோய். மாரத்தான் ஓடும் இளைஞருக்கும் அது வரும். சொல்லப்போனால், வேகமாக ஏற முடிகிறவர்தான் பல சமயம் மாட்டிக்கொள்கிறார்.

தமிழ்நாட்டுக்குள் ஒத்திகை பார்க்கவும் வழியில்லை. தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். மலை நோய் பெரும்பாலும் 2500க்கு மேல்தான் தலைகாட்டும். முன்பு லடாக்கில் உள்ள லே போயிருக்கிறீர்களா? முதல் இரண்டு நாள் அங்கே எப்படி இருந்தீர்கள் என்பது எனக்கு டிரெட்மில் ரிப்போர்ட்டைவிட உபயோகமான தகவல்.

இப்போது மரங்கு கணக்கைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா, சுமார் 2720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3720. மூன்றாவது கிபோ, 4720. அங்கே சில மணி நேரம் படுத்துவிட்டு, நள்ளிரவில் கிளம்பி உச்சிக்கு ஏறவேண்டும். 3000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள் என்பது மலை மருத்துவத்தின் விதி. இங்கே தினமும் அதைப் போல இரண்டு மடங்கு! ஏழு நாள் மச்சாமே பாதையும் விதிக்கு முழுக்க அடங்காது. ஆனாலும் அதில் மூன்று இரவுகள் 4000 மீட்டரை ஒட்டியே தங்குகிறீர்கள். நடுவில் ஒரு நாள் 4600 வரை ஏறிவிட்டு, பராங்கோவுக்கு இறங்கித் தூங்குகிறீர்கள். எட்டு நாள் லெமோஷோ பாதை இன்னும் நல்லது. பணத்தை வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

அடுத்து உங்கள் மாத்திரைகள். எனக்கு அதிகக் கவலை தருவது டாபாகிளிஃப்ளோசின். அது சர்க்கரையோடு நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். மேலே போனால் பசி போய்விடும், சாப்பாடு இறங்காது. அந்த நிலையில் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். வாந்தி, அசதி, மூச்சு வாங்குதல் என்று எல்லாமே மலை நோய் மாதிரியே இருக்கும். கூடாரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியாது. பயணத்துக்குச் சில நாள் முன்பே இதை நிறுத்திவிட்டு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் தொடரலாம். ஆனால் தலைவலிக்கு நண்பர்கள் நீட்டும் ஐபுபுரூஃபனை வாங்காதீர்கள். டெல்மிசார்டனும் நீர் வறட்சியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. பாராசிட்டமால் போதும்.

மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைட் உண்டு. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி 125 மில்லிகிராம், காலை மாலை என்பது வழக்கம். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் இதுவும் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும் மருந்து. நீங்கள் மெட்ஃபார்மினும் எடுப்பதால் முதலில் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டும். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கல்லோ இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எல்லாம் சரி என்றால் வீட்டிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தூக்க மாத்திரை, மது இரண்டும் மலையில் கூடாது. கிளம்புமுன் இதயப் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் அவசியம். பத்து வருடச் சர்க்கரை என்றால் கண்ணைப் பார்க்காமல் இவ்வளவு உயரத்துக்கு நான் அனுப்ப மாட்டேன். குளுக்கோமீட்டரைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் தப்பாகக் காட்டும்.

அங்குள்ள வழிகாட்டிகள் சுவாஹிலியில் ‘போலே போலே’ என்பார்கள். நம் ‘மெல்ல மெல்ல’தான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். தலைவலியோடு குமட்டலோ அசதியோ சேர்ந்தால், அது தீரும்வரை மேலே போகாதீர்கள். குடிகாரன் மாதிரி நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: நடுராத்திரி ஆனாலும் உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜனும் மருந்தும் அதற்குத் துணைதான். ஒருவர் இறங்கினால் கூடவே ஒரு வழிகாட்டி இறங்குவார் என்பதைப் பணம் கட்டும்போதே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். உச்சிக்கு நூறு மீட்டர் இருக்கும்போது நண்பர்கள் ‘இன்னும் கொஞ்சம்தான், வா’ என்பார்கள். அங்கே வைத்து முடிவெடுக்க முடியாது. யார் தள்ளாடினாலும் திரும்புவது என்று கோவையிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. மலை நோயில் கடுமையான காய்ச்சல் வழக்கமில்லை. டான்சானியாவில் மலேரியா உண்டு, அதற்கான தடுப்பு மாத்திரையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு, இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்லுங்கள்.